கடற்கரைச் சாலையில் குமரி வரை: பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம் கேட்டு ஒரு சைக்கிள் பயணம்

திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி வரை போய்விடலாம். 750 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். ஜனவரியில் நாங்கள் ஒரு குழுவாக இந்த வழியில் சைக்கிளில் போனோம். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், குழந்தைகள் மருத்துவர் ஒருவர், கல்லூரி மாணவர்கள், ஐடி வேலையில் இருப்பவர்கள், ஒரு தபால்காரர் என்று கலவையான கூட்டம். வழியில் இருக்கும் பள்ளிகளில் இறங்குவது, பிள்ளைகளோடு விளையாடுவது, ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்றே ஒன்றைக் கேட்பது என்பதுதான் திட்டம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பிள்ளையை ஓடியாட விடுங்கள், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரம் நாங்களாகச் சொன்ன கணக்கு இல்லை. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 146 நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை என்றது. ஐந்தில் நான்கு பேர். பெண் பிள்ளைகளின் நிலைமை பையன்களைவிட மோசம். ஆய்வில் படிக்கும்போது இது வெறும் எண். ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் “கடைசியா எப்பம்மா ஓடுன?” என்று கேட்டு, அவள் யோசித்துக்கொண்டே நிற்பதைப் பார்க்கும்போதுதான் வலிக்கிறது.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்கள் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். ஜனவரியில் வடகிழக்குக் காற்று. சென்னையிலிருந்து தெற்கே போகிறவருக்கு அது முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலோ வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று எதிரே நிற்கும். அந்த மாதங்களில் தூத்துக்குடிக்குக் கீழே போகிறவர்கள், சமவெளியிலேயே மலை ஏறுவது போல மிதிக்க வேண்டியிருக்கும். ஜனவரியில் வெயிலும் தாங்கும். பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு கிளம்பினால் பள்ளிகளும் திறந்திருக்கும். ஒன்றுதான் சிரமம்: டெல்டாவில் விடியற்காலைப் பனி. ஆறரை மணி வரைக்கும் முன்னால் போகிறவர் தெரியமாட்டார். பின்பக்கச் சிவப்பு விளக்கை இரவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பகலிலும் எரியட்டும்.

எங்கள் நேரத்தைப் பள்ளி மணிதான் தீர்மானித்தது. காலை வழிபாட்டுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் தலைமை ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் வசதி. அதற்காக அதிகாலை நாலரைக்கு எழுந்து, ஐந்து மணிக்கு மிதிக்க ஆரம்பித்து, மணிக்கு 18 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில், வெயில் ஏறுவதற்குள் அன்றைய தூரத்தில் பாதியை முடித்துவிடுவோம். பள்ளியில் இரண்டு மணி நேரம். மதியச் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். மூன்றரைக்கு மேல் மீதித் தூரம். வேகமாக ஓட்டக்கூடிய இளைஞர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. குழுவில் மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். சாலையில் வைத்துப் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் தாண்டும் வரை ஒற்றை வரிசைதான். கார்களும் பேருந்துகளும் பறக்கும் சாலை அது. மொத்தக் கூட்டமும் ஒட்டிக்கொண்டு போனால் முந்த நினைக்கும் வண்டிக்கு ஒதுங்க இடம் கிடைக்காது. ஆறு ஏழு பேராகப் பிரிந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு லாரி புகுந்து வெளியேறும் அளவுக்கு இடைவெளி விட்டுப் போவது நல்லது. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் அதை அப்படியே அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் அனுபவமுள்ள ஒருவர். அவர் யாரையும் விட்டுவிட்டு முன்னால் வரக் கூடாது.

டெல்டாவுக்குள் நுழைந்ததும் வேறு கவனம் தேவை. தை மாதம் சம்பா அறுவடை. சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், இன்னொரு பக்கம் வைக்கோல் கிடக்கும். நெல்லின் மேல் மெல்லிய டயர் வழுக்கும். கியர் சைக்கிளின் பின்சக்கரப் பல்லில் வைக்கோல் சுற்றிக்கொண்டால், இறங்கி ஒவ்வொரு இழையாகத்தான் எடுக்க வேண்டும். அங்கே மணி அடித்து, மெதுவாக, நெல்லை மிதிக்காமல் போங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. அப்படிப் போன எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள்.

பஞ்சர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டு மாடல் சைக்கிள்கள் பலவற்றில் பிரெஸ்டா வால்வ் இருக்கும், ஒல்லியாக, நுனியில் திருகோடு. ஊர்ப்புறப் பஞ்சர் கடைப் பம்ப் அதில் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று போதும், எந்தக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டியைத் தாண்டி ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் போகப் போகச் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஓரத்து மண்ணில் இறங்கினால் முள் ஏறாமல் திரும்ப முடியாது. ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் துடைத்துப் பாருங்கள், துணி மாட்டும் இடத்தில்தான் முள் இருக்கும். அதை எடுக்காமல் புது ட்யூபைப் போட்டால் அரை கிலோமீட்டரில் மறுபடியும் இறங்க வேண்டியதுதான்.

உடம்பைப் பொறுத்தவரை, முழங்கால் வலி என்று சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு சீட்டைக் கொஞ்சம் உயர்த்தியதும் வலி குறைந்தது. பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட இலகுவான கியரில் சுழற்றி மிதிப்பது மூட்டுக்கு நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், நீர்மோர், இளநீர், ஓஆர்எஸ் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். பசிப்பதற்கு முன்பே வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உள்ளே போகட்டும். மதியம் பரோட்டா வேண்டாம், சாயங்காலம் மிதிக்கவிடாது. பேட் வைத்த ஷார்ட்ஸைத் தினமும் துவைத்துக் காயவைத்துப் போடுங்கள். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய். இதை யாரும் வெளியே பேசுவதில்லை, ஆனால் நீண்ட பயணத்தைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் இந்தப் புண்ணால்தான் விடுகிறார்கள்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். எனக்கு முக்கியம் அதுதான்.

மேடை, மாலை, உரை என்று போனால் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். உடலை அசைக்கச் சொல்ல வந்தவர்களே பிள்ளைகளை அசையாமல் உட்காரவைப்பது என்ன நியாயம்? எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கிளம்பும்போதே இதில் கறாராக இருந்தார். பேச்சு ஐந்து நிமிடம், மீதி நேரம் முழுக்க விளையாட்டு. கருவி எதுவும் கொண்டு போகக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். நாம் பந்தும் வலையும் கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வந்தால், விளையாட்டு என்றாலே காசு என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். அதனால் கிளித்தட்டு, கோ-கோ, பச்சைக்குதிரை, கயிறு தாண்டல். கிளித்தட்டுக்குத் தரையில் கோடு கிழித்தால் போதும். கோட்டில் நிற்கிறவர் அங்கேயே காவல் காக்க, எதிரணி தொடுபடாமல் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். குண்டாக இருக்கிற பிள்ளைக்கும் அதில் காவல் காக்க இடம் இருக்கிறது, ஏமாற்றித் தப்பிக்கத் தெரிந்தால் அவனே நட்சத்திரம்.

அப்புறம் நாடி. எங்கள் மருத்துவர் விளையாட்டுக்கு முன்பு எல்லோரையும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைக்கச் சொல்வார். 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 70 முதல் 110 வரை இருக்கலாம். விளையாடி முடித்ததும் மறுபடி எண்ணச் சொல்வார். “சார், எனக்கு நூத்தி அம்பத்து ரெண்டு!” “எனக்கு நூத்தி அறுபத்து நாலு!” என்று கத்துவார்கள். இதயம் வேலை செய்வதைத் தன் விரலாலேயே தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் உரை தேவையில்லை. வீட்டில் பெற்றோர் பார்த்துக்கொள்ள இன்னும் எளிய வழி ஒன்றும் சொல்வார்: விளையாடும்போது பேச முடிந்து, பாட முடியாவிட்டால் உடம்புக்குப் போதுமான வேலை. நாலு வார்த்தைக்கு மேல் பேசவே மூச்சுத் திணறினால் அது கடுமையான வேலை, அதுவும் வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் நடந்ததை நான் எங்கே போனாலும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். மருத்துவர் அவர்களிடம் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொன்னார். ஒரு பெண் மெதுவாக, “குடிச்சா பாத்ரூம் போகணும் டாக்டர்” என்றாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும் வரை தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிற பிள்ளைகளை ஓடு, குதி என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அன்று மதியம் எங்கள் குழுவில் இருந்த பெண்கள் தலைமை ஆசிரியையோடு போய்க் கழிப்பறையைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது, தாழ்ப்பாள் இல்லை. பெரிய செலவில்லாத வேலை. உள்ளூர்ப் பெற்றோர் இரண்டு பேர் அங்கேயே பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் பள்ளியில் இறங்கினாலும் எங்கள் பெண்கள் முதலில் மாணவிகளோடு தனியாகப் பேசுவார்கள், கழிப்பறையைப் பார்ப்பார்கள், அதன் பிறகுதான் விளையாட்டு. பிள்ளைகளின் உடல்நலம் பற்றிப் பேசக் கிளம்புகிற எந்தக் குழுவும் ஆண்கள் மட்டுமாகப் போகக் கூடாது என்பேன்.

பி.டி. பீரியட் பற்றியும் கேட்டுக்கொண்டே போனோம். அட்டவணையில் இருக்கிறது, நடப்பதில்லை. ஜனவரி வந்துவிட்டால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அந்த நேரம் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. சில இடங்களில் உடற்கல்வி ஆசிரியரே இல்லை. நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு வேறு கதை: காலை ஏழு மணிக்கு வேன், மாலை வீட்டுக்கு வந்ததும் டியூஷன், பிறகு வீட்டுப்பாடம். அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை, அவனுடைய நாளில் ஒரு மணி நேரத்தை நாம்தான் மிச்சம் வைக்கவில்லை. நான் சந்தித்த ஆசிரியர்களில் ஒருவர்கூட இதை மறுக்கவில்லை. அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டுச் சற்று இளைப்பாறிய பிறகு மணி அடிக்கும் வரையுள்ள நேரத்தை அவர் அப்படியே விளையாட விட்டுவிடுகிறார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, காசு செலவில்லை.

எங்கள் பயணத்தில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், சைக்கிள் பழுதுபார்ப்பு என்றுதான் சொல்வேன். தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எல்லோருக்குமாக விரிந்தது. ஆகவே மேல்நிலைப் பள்ளி வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பிரேக்குக்குத்தான் பஞ்சம். ரப்பர் தேய்ந்து, கம்பி தளர்ந்து, காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிற பிள்ளைகளைப் பார்த்தோம். ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் சைக்கிள் கடைக்காரரை முன்கூட்டியே பேசி, கூலி கொடுத்து, பள்ளி மைதானத்துக்கே வரவழைத்தோம். பிரேக் ரப்பர், செயின் எண்ணெய், காற்று, சீட் உயரம். மாணவிகள் பலர் தரையில் கால் ஊன்ற வசதியாக சீட்டை அடியில் இறக்கி வைத்திருந்தார்கள். இரண்டு விரற்கடை ஏற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னதும் “லேசா இருக்குண்ணா” என்றார்கள். துப்பட்டாவை இறுக்கிக் கட்ட வேண்டும், சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதையும் அங்கேயே சொன்னோம். நாங்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவோம், அந்தக் கடைக்காரர் அங்கேயேதான் இருப்பார். அதனால்தான் அவரைக் கூப்பிட்டோம்.

கட்டுமாவடி, மணமேல்குடி பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரத்தில் போகும்போது அந்த மாவட்டத்தின் சைக்கிள் வரலாற்றை நினைக்காமல் இருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் அது. ஒரு பள்ளியில் மாணவியைக் கூட்டிப்போக வந்த பாட்டி ஒருவர் எங்கள் சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, “நானும் அப்ப ஓட்டுனவதான் தம்பி. குடத்தை வச்சுக்கிட்டே ஓட்டுவேன்” என்றார். பேத்திக்கு அது தெரியாது. அன்று சாயங்காலம் அவளிடம் நாங்கள் சொல்ல எதுவும் இருக்கவில்லை, பாட்டியே சொல்லிக்கொண்டு நடந்தார்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர்பான விநியோகஸ்தர் ஒருவர் டி-ஷர்ட்டும் வேன் செலவும் தருவதாகச் சொன்னார், நாங்கள் வாங்கவில்லை. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஏழு டீஸ்பூனுக்கு மேல். அந்தப் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்குள் போனால் நம் வாய் பேசுவதைச் சட்டை மறுத்துவிடும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. விதி தெரிந்த தலைமை ஆசிரியர்கள் குறைவு. அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு அச்சடித்து எல்லாப் பள்ளியிலும் கொடுத்தோம். செலவை நாங்களே பங்கு போட்டுக்கொண்டோம். தங்கியது பெரும்பாலும் திருமண மண்டபங்களில், சாப்பிட்டது ஊர் மெஸ்களில்.

அனுமதி விஷயத்தில் அவசரம் உதவாது. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மாதம் முன்பே கடிதம், பிறகு ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் தொலைபேசியில் பேச்சு, பிள்ளைகள் நம்மோடு சைக்கிள் ஓட்டுவதாக இருந்தால் காவல் நிலையத்துக்கும் தகவல். பிள்ளைகளை நெடுஞ்சாலையில் ஓட்டவிடவே கூடாது. நாங்கள் ஊருக்குள் இருக்கும் தெருக்களில், இரண்டு கிலோமீட்டருக்குள், முன்னும் பின்னும் பெரியவர்கள் இருக்க, பிரேக் சோதித்த சைக்கிள்களை மட்டும் அனுமதித்தோம். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எதையும் பெற்றோர் சம்மதமில்லாமல் வெளியிடவில்லை.

குடியரசு தினத்தன்று ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருந்தோம். ஜனவரி 26 கிராம சபை கூடும் நாள் என்பதால் பயணத்தை அதற்கேற்ப அமைத்திருந்தோம். அந்த ஊர்ப் பள்ளி மைதானத்தில் பாதி சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. நாங்கள் வெளியூர்க்காரர்கள், சபையில் பேசும் உரிமை ஊராருக்குத்தான். ஆகவே முந்தின நாள் பள்ளியில் கிளித்தட்டு விளையாடிய பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசினோம். மகளிர் குழுவைச் சேர்ந்த நாலு பேர் சபையில் எழுந்து, மைதானத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், பள்ளி முன்னால் வேகத்தடை வேண்டும் என்று கேட்டார்கள். “சைக்கிள்ல விடச் சொல்றீங்க, லாரி வர்ற வேகத்துக்கு எப்படிங்க விடுறது?” என்று ஓர் அம்மா கேட்டது அங்கிருந்த எல்லோருக்கும் உறைத்தது. இரண்டும் தீர்மானமாகப் பதிவானது. மைதானம் இப்போது சுத்தமாகிவிட்டது, ஊர்க்காரர் ஒருவர் படம் அனுப்பினார். வேகத்தடைக்கு மனு போயிருக்கிறது, நாங்களும் தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

திருச்செந்தூரைத் தாண்டிச் செம்மண் தேரிக்காடு, பனை, காற்றாலை என்று கடைசி நாள் பாதை மிக அழகு. அதை அனுபவித்துக்கொண்டே பேசியதில்தான் அடுத்த பயணம் எப்படி என்று முடிவானது. தூரத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறோம். நாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை மட்டும், இந்த முறை இறங்கிய அதே பள்ளிகளில், ஒவ்வொன்றிலும் ஒரு முழு நாள். கழிப்பறைக் குழாய், பிரேக் ரப்பர், பி.டி. பீரியட் மூன்றும் என்ன ஆனது என்று முதலில் பார்ப்போம். சேர விரும்புகிறவர்கள் இப்போதே வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டத் தொடங்கலாம். டிசம்பருக்குள் ஒரே நாளில் 80 கிலோமீட்டர் ஓட்டி, மறுநாள் காலை எழுந்து 40 கிலோமீட்டர் ஓட்ட முடிந்தால் போதும். கிளித்தட்டு தெரியாதவர்களுக்கு எங்கள் ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித் தருகிறார்.